மண்டியில் வாங்கும் பெட்டி ஆப்பிள்: யாருக்குச் சரிப்படும், மிஞ்சினதை என்ன செய்யலாம்

வீட்டில் அடுப்படியில் நின்று கிண்ட ஆள் இருந்தால் ஆப்பிளைப் பெட்டியாக வாங்குங்கள். கடித்துத் தின்ன மட்டும்தான் என்றால் வேண்டாம், தெருமுனைக் கடையில் ரெண்டு கிலோ வாங்கினால் போதும். புரட்டாசி பிறந்து ஆயுத பூஜை நெருங்கினால் கோயம்புத்தூரில் தெரிந்தவர்கள் எல்லாரும் 'ஆப்பிள் பெட்டியாக வாங்கலாமா' என்று கேட்கிற கேள்விக்கு என் பதில் இதுதான். பெட்டி வாங்கி, பாதியைத் தின்று, மீதியை அழுகவிட்டுக் குப்பையில் கொட்டுகிற வீடுகளை வருசா வருசம் பார்க்கிறேன், மனசு கேட்கமாட்டேன் என்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எங்களுக்குக் கணபதியில் சின்னதாக ஒரு லேத் பட்டறை. ஆயுத பூஜைக்குப் பொரி, கடலை, பழம் எல்லாம் வைத்துப் பை போட்டு வேலை செய்கிறவர்களுக்கும் அக்கம்பக்கத்துக்கும் கொடுப்போம். அதேபோல மற்ற பட்டறைகளிலிருந்தும், இரும்புக் கடையிலிருந்தும், பேங்கிலிருந்தும் நமக்குப் பை வந்துகொண்டே இருக்கும். பொரியைக் கொறித்துத் தீர்த்துவிடலாம், வாழைப்பழம் ரெண்டு நாளில் போய்விடும், ஆனால் ஆப்பிள் மட்டும் பாத்திரம் பாத்திரமாக நிற்கும். அதோடு நாங்கள் வாங்கின பெட்டியில் மிஞ்சினதும் சேர்ந்தால் பத்துப் பன்னிரண்டு கிலோ சாதாரணமாகத் தேறிவிடும்.

முதலில் பெட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இந்த நேரத்தில் நம் ஊருக்கு வருவது ரெண்டு இடத்துப் பழம். இமாச்சல் பழம் ஆடி ஆவணியிலேயே வர ஆரம்பித்துவிடும், நாம் 'சிம்லா' என்று சொல்கிறது அதைத்தான். காஷ்மீர் பழம் கொஞ்சம் பிந்தி, செப்டம்பர் அக்டோபரில் குவியும். ரெண்டிலும் பெரும்பாலும் டெலிசியஸ் வகைதான், செக்கச் சிவப்பாக, அடிப்பக்கம் அஞ்சு முடிச்சு வைத்தாற்போல இருக்குமே, அது. 1916இல் சாமுவேல் ஸ்டோக்ஸ் என்கிற அமெரிக்கர் இமாச்சலில் கோட்கர் பக்கம் கொண்டுவந்து நட்ட வகை, அதிலிருந்து பரவினதைத்தான் இன்றைக்கு மண்டியில் 'ராயல்' என்று கூவி விற்கிறார்கள். அந்த மரத்துக்குக் குளிர்காலத்தில் ஆயிரம் மணி நேரம் போல ஏழு டிகிரிக்குக் கீழே குளிர் வேண்டும், நம் பக்கம் அதற்கு வழியே இல்லை. ஆக, காஷ்மீரில் சோப்பூரிலோ சோபியானிலோ பறித்த பழம் மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் லாரியில் வருகிறது. ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி போகிற 44ஆம் நம்பர் ரோடு நம் சேலம், நாமக்கல், கரூர் வழியாகத்தான் போகிறது, சேலத்தில் பிரிந்து ஈரோடு பக்கமாகக் கோயம்புத்தூருக்கு வந்துவிடும். வழியில் மழை பெய்து மண் சரிந்து, ஜம்மு பக்கம் ரோட்டை மூடிவிட்டால் லாரி நாள்கணக்கில் அங்கேயே நிற்கும். அந்த வாரம் வருகிற பெட்டியை வாங்கவே வாங்காதீர்கள், வெளியே பளபளவென்று இருக்கும், வீட்டுக்கு வந்து ரெண்டாம் நாள் மாவு மாதிரி ஆகிவிடும்.

இமாச்சல் பெட்டி இப்போது இருபது கிலோ அட்டைப்பெட்டியாக வருகிறது. அதன் பக்கவாட்டில் 100, 125, 150 என்று ஒரு எண் போட்டிருக்கும். அது விலையும் இல்லை, ரகமும் இல்லை, உள்ளே எத்தனை பழம் என்பது. எண் கூடக் கூடப் பழம் சின்னது, விலையும் இறங்கும். 100 எண் பெட்டியில் ஒரு பழம் இருநூறு கிராம் வரும், 150இல் நூற்று முப்பது கிராம் சொச்சம்தான். பையில் வைத்துக் கொடுக்க 150 நல்லது, நிறையப் பேருக்கு வரும், சின்னக் குழந்தை ஒருதடவையில் தின்று முடித்துவிடும், ருசியில் ஒரு குறையும் இல்லை. ஆனால் தோல் சீவ உட்கார்ந்தால் தெரியும் கஷ்டம், ஒரே எடைக்கு ஒன்றரை மடங்கு பழம் சீவ வேண்டும். எனக்கு 125 தான் தோது.

நாங்கள் வாங்குகிற மண்டியின் பேரைப் போடவில்லை, நல்லதும் கெட்டதும் சேர்த்து எழுதப்போகிறேன், வியாபாரம் செய்கிறவர்களுக்குத் தொந்தரவு வேண்டாம். விலை, சில்லறைக் கடையில் கிலோவுக்குக் கொடுப்பதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே ஆகும், அவ்வளவு மிச்சம். பெட்டியைப் பிரித்துப் பார்க்கவும் விடுகிறார்கள். "ஏனுங்க்கா, மேல் வரிசைய மட்டும் பாத்துட்டுப் போனா எப்பிடிங்க, அடியிலயும் கைய விட்டுப் பாருங்" என்று அங்கே எடைபோடுகிற தம்பியே சொல்லும். அன்றைக்கே திருப்பிக் கொண்டுபோனால் அழுகினதை மாற்றியும் கொடுத்தார்கள், முகம் சுளிக்கவில்லை. குறை என்னவென்றால், லோடு எப்போது வந்தது என்று கேட்டால் நேராகப் பதில் வராது. எல்லாப் பெட்டியும் 'காலையில வந்ததுங்க' தான். ஒருதடவை அப்படிச் சொன்ன பெட்டியில் காம்பு எல்லாம் கருத்துச் சுருங்கிக் கிடந்தது. அதனால் வாயைக் கேட்காமல் காம்பைப் பாருங்கள். பச்சையோ பழுப்போ, வளைத்தால் கொஞ்சம் வளைந்து கொடுத்தால் புதுசு, தொட்டதும் ஒடிந்தால் பழசு. அப்புறம் காம்புக் குழிக்குப் பக்கத்தில் கட்டை விரலால் லேசாக அழுத்துங்கள், அமுங்கக் கூடாது. ஒரு பழத்தை வெட்டிப் பார்க்கக் கேளுங்கள், தப்பே இல்லை. டெலிசியஸ் வகையில் அடிப்பக்கத் துவாரம் சிலதில் மூடாமல் இருக்கும், அது வழியாகப் பூஞ்சணம் உள்ளே போய், வெளியே ஒன்றும் தெரியாமல் நடுவில் விதையைச் சுற்றிக் கருத்திருக்கும். பெட்டியில் ஒன்றிரண்டு அப்படி இருப்பது சகஜம், மூணு வெட்டினால் மூணும் அப்படி என்றால் அடுத்த கடைக்குப் போய்விடலாம்.

வீட்டுக்கு வந்ததும் பெட்டியோடு மூலையில் வைக்காதீர்கள். அன்றைக்கே கொட்டிப் பிரித்துவிட வேண்டும். அடி பட்டது, தோல் கீறினது, ஒரு பக்கம் அமுங்கினது எல்லாம் ஒரு பக்கம், முழுசு ஒரு பக்கம். ஆப்பிளிலிருந்து எத்திலீன் என்று ஒரு வாயு வரும், அடிபட்ட பழத்தில் அது இன்னும் கூடுதலாக வந்து பக்கத்தில் இருக்கிறதையும் சேர்த்துப் பழுக்க வைத்துவிடும். வாழைத்தார் தொங்குகிற இடத்துக்கும் ஆப்பிளுக்கும் தூரம் இருக்கட்டும். முழுசானதைக் கழுவாமல், கவரில் போட்டு ஃபிரிட்ஜில் காய்கறித் தட்டில் வைத்தால் வாரக்கணக்கில் நிற்கும். அடிபட்டது எல்லாம் அடுப்புக்கு, அதுவும் ரெண்டு மூணு நாளுக்குள்.

இப்போது அடுப்புக்கு வருவோம். நான் இதில் முதல் இடம் கொடுப்பது ஜாமுக்கு இல்லை, தொக்குக்கு. "ஏன் அம்மிணி, ஆப்பிள்ல போயி யாராச்சும் தொக்கு போடுவாங்களா" என்று எங்கள் அத்தை முதலில் கேட்டதுதான், இப்போது மண்டிக்குப் போகச் சொல்லி நினைவுபடுத்துவதே அவர்தான். மாங்காய்த் தொக்கு மாதிரியே, ஆனால் ஒரு வித்தியாசம் மறக்கக் கூடாது. டெலிசியஸ் ஆப்பிளில் புளிப்பு ரொம்பக் குறைவு, அதனால் புளிப்பை நாம்தான் சேர்க்க வேண்டும். ஒரு கிலோ ஆப்பிளைத் தோல் சீவித் துருவிக்கொள்ளுங்கள். துருவத் துருவக் கருக்கும், கவலை வேண்டாம், தொக்குக்கு நிறம் எப்படியும் மாறத்தான் போகிறது. கனமான வாணலியில் செக்கு நல்லெண்ணெய் நூறு மில்லி, கடுகு, பெருங்காயம், அப்புறம் துருவல். முதல் பத்து நிமிசம் தண்ணீர் விட்டுக்கொண்டு சளசளவென்று இருக்கும், மூடி போடாமல் அதை வற்றவிடுங்கள். வற்றினதும் பெரிய நெல்லிக்காய் அளவு புளியைக் கெட்டியாகக் கரைத்து ஊற்றி, ஈரோட்டு மஞ்சள் தூள் அரை ஸ்பூன், மிளகாய்த்தூள் ரெண்டரை ஸ்பூன், கல்லுப்பு. அடுப்பைக் குறைத்துக் கிண்டிக்கொண்டே இருந்தால் கொஞ்சம் கொஞ்சமாக நிறம் செங்கல் கலரிலிருந்து கருஞ்சிவப்புக்குப் போகும், கரண்டியை இழுத்தால் வாணலியின் அடி தெரியும், தெரிந்த இடத்தில் எண்ணெய் வந்து நிற்கும். அதுதான் பதம். இறக்குகிற நேரத்தில் வறுத்துப் பொடித்த வெந்தயம் முக்கால் ஸ்பூன், நாட்டுச் சர்க்கரை ரெண்டு ஸ்பூன். அந்த வெந்தய வாசம் சூட்டில் எழும்பும்போது பக்கத்து வீட்டிலிருந்து கேட்டு வந்துவிடுவார்கள். ஈரமில்லாத கண்ணாடிப் பாட்டிலில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் மூணு வாரம் தாராளமாக நிற்கும். தயிர் சாதத்துக்கும் நம் அரிசி பருப்பு சாதத்துக்கும் இது பொருந்துகிற மாதிரி கடையில் வாங்கின எந்த ஊறுகாயும் பொருந்தினது இல்லை. கிலோ ஆப்பிள் ஒரு சின்னப் பாட்டிலுக்குள் அடங்கிவிடும் என்பதால் மிஞ்சினதைத் தீர்க்கவும் இதுதான் சரியான வழி.

நாட்டுச் சர்க்கரை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். நான் வாங்குவது கவுந்தப்பாடிச் சர்க்கரை, பழனி பஞ்சாமிர்தத்துக்கே அங்கேயிருந்துதான் போகிறது. தொக்குக்கும் அல்வாவுக்கும் அது பிரமாதம், ஜாமுக்குப் போட்டால் ஜாம் கறுத்து, ஆப்பிள் வாசத்தை அமுக்கிவிடுகிறது. ஜாமுக்கு வெள்ளைச் சர்க்கரையே போடுங்கள், நல்லது கெட்டது பேசிக்கொண்டிருக்கிற இடம் அது இல்லை, எப்படியும் முக்கால் கிலோ சர்க்கரை போகப்போகிறது.

ஜாம் கெட்டிப்படுவதற்குப் பழத்தில் பெக்டின் என்கிற உறைய வைக்கிற பொருள் வேண்டும், புளிப்பு வேண்டும், சர்க்கரை வேண்டும், மூணும் சேர்ந்தால்தான் உறையும். ஆப்பிளில் பெக்டின் நிறைய, அதுவும் தோலிலும் நடுத்தண்டிலும்தான் கூடுதல். அதனால் சீவின தோலையும் விதை எடுத்த நடுப்பகுதியையும் வெள்ளைத் துணியில் மூட்டை கட்டி, சதையோடு சேர்த்து ஒரு டம்ளர் தண்ணீர் விட்டு குக்கரில் ரெண்டு விசில் விடுங்கள். ஆறினதும் மூட்டையை நன்றாகப் பிழிந்தால் வழவழவென்று ஒரு சாறு வரும், அதை ஊற்றிக் கடைந்துகொள்ளுங்கள். அந்த வழவழப்பை வீணாக்கிவிட்டுக் கடையில் ஜெலட்டின் வாங்கிப் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குத் தாங்காது. ஒரு கிலோ விழுதுக்கு முக்கால் கிலோ சர்க்கரை, ரெண்டு எலுமிச்சை. எலுமிச்சையைக் குறைக்கவே கூடாது, டெலிசியஸுக்குச் சொந்தப் புளிப்பு கிடையாது என்று மேலே சொன்னேனே, அதே காரணம்தான். கிண்டும்போது முதலில் சின்னச் சின்ன நுரை, அப்புறம் குமிழி பெரிசாகி வெடித்துக் கையில் தெறிக்கும், நீளக் காம்புக் கரண்டி வைத்துக்கொள்ளுங்கள். ஃபிரிட்ஜில் வைத்த தட்டில் ஒரு சொட்டு விட்டு விரலால் தள்ளினால் மேலே சுருக்கம் விழ வேண்டும். தெர்மாமீட்டர் இருந்தால் 105 டிகிரி. பட்டையும் ரெண்டு கிராம்பும் போதும், எசன்ஸ் கலர் எதுவும் வேண்டாம். வீட்டுக் குழந்தைகளுக்கு இது பிடித்தது, எனக்கு ரெண்டாவது இடம்தான். இதைக் கொஞ்சம் முறையாகக் கற்றுக்கொண்டு விற்கவும் செய்யலாம் என்று நினைக்கிறவர்களுக்கு, நம் வேளாண் பல்கலைக்கழகத்தில் ஜாம், ஸ்குவாஷ் எல்லாம் போடுவதற்குப் பயிற்சி நடத்துகிறார்கள், விசாரித்துப் பாருங்கள்.

அல்வா எல்லாரும் செய்கிறதுதான், பெரிசாகச் சொல்ல ஒன்றும் இல்லை. ஊத்துக்குளி நெய் தாராளமாக விட்டால் எதுவும் ருசிக்கும், அதில் ஆப்பிளுக்கு என்ன பெருமை.

ஒப்புட்டு, அதாவது போளி, அப்படி இல்லை. தீபாவளிக்கு எங்கள் வீட்டில் தேங்காய் ஒப்புட்டும் பருப்பு ஒப்புட்டும் போடுவோம். பருப்புப் பூரணத்தில் பாதிக்குப் பாதி ஆப்பிள் விழுது சேர்த்துப் பாருங்கள். வேகவைத்த கடலைப் பருப்பைத் தண்ணீரில்லாமல் வடித்து அரைத்துக்கொண்டு, ஆப்பிளைத் தனியாகத் துருவி நெய்யில் சுண்டச் சுண்ட வதக்கி, அது உருண்டையாகத் திரண்டு வாணலியை விட்டுச் சுத்தமாகப் பிரிந்த பிறகே பருப்பையும் வெல்லத்தையும் சேர்க்க வேண்டும். அவசரப்பட்டு ஈரத்தோடு சேர்த்தால் வாழையிலையில் தட்டும்போதே மேல்மாவு கிழிந்து பூரணம் வெளியே வந்துவிடும். ஏலக்காயோடு துளி சுக்கு. வெறும் பருப்பு ஒப்புட்டு ரெண்டுக்கு மேல் தின்றால் திகட்டும், இதில் அந்தத் திகட்டல் இல்லை, சூடு ஆறின மறுநாளும் மெத்தென்று இருக்கிறது.

வத்தல் போடலாமா என்று கேட்பவர்களுக்கு: புரட்டாசியில் வெயில் நன்றாக அடிக்கிற வாரம் கிடைத்தால் போடலாம். அரை சென்டிமீட்டர் கனத்துக்கு வட்டமாக வெட்டி, உப்பும் எலுமிச்சையும் கலந்த தண்ணீரில் பத்து நிமிசம் ஊறவைத்துவிட்டு, மேலே மெல்லிசான துணி மூடி மொட்டை மாடியில் காயவைக்க வேண்டும். அந்தத் தண்ணீர் கருக்காமல் தடுக்கும். ஐப்பசி அடைமழை ஆரம்பித்துவிட்டால் விட்டுவிடுங்கள், ரெண்டு நாள் வெயில் போய்விட்டால் அப்படியே பூத்துப்போகும். அதைக் காப்பாற்ற ஓவனில் மணிக்கணக்காக வைத்தால் கரண்ட் பில்லுக்கு ஜாமே வாங்கிவிடலாம்.

ஆப்பிள் ரசம் என்று ஒன்று சொல்கிறார்கள், அன்னாசி ரசம் மாதிரி. டெலிசியஸில் வேண்டாம், இனிப்புத் தண்ணீராகத்தான் இருக்கும்.

கிண்ட நேரமே இல்லாதவர்களுக்கு ஒரு வழி உண்டு. தோல் சீவி, இட்லிப் பானையில் ஆவியில் வேகவைத்து, சர்க்கரை போடாமல் கடைந்து, ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்து, கட்டிகளைக் கவரில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள். மாசக்கணக்கில் கெடாது. கைக்குழந்தைக்குக் கொடுக்க ஒவ்வொரு கட்டியாக எடுத்துச் சூடு பண்ணிக்கொள்ளலாம், ராகிக் கூழிலும் கலக்கலாம். இனிப்பு போதவில்லை என்று ஒரு வயசுக்குள் இருக்கிற குழந்தைக்குத் தேன் மட்டும் விடாதீர்கள். விதைகளை முன்னாடியே எடுத்துவிடுங்கள், மிக்சியில் சேர்த்து அரைக்கக் கூடாது, அரைபட்டால் அதிலிருந்து சயனைடு வரும். தெரியாமல் ஒன்றிரண்டு விழுங்கிவிட்டால் பயப்பட வேண்டியதில்லை.

தோல் மிஞ்சினால் வினிகர். மேலே மெழுகு பூசின பழமாக இருக்கலாம், அதனால் சீவுகிறதுக்கு முன்னாடியே வெதுவெதுப்பான தண்ணீரில் துணி போட்டுத் தேய்த்துக் கழுவிவிடுங்கள். கண்ணாடி ஜாடியில் தோலை முக்கால் பாகம் நிரப்பி, லிட்டர் தண்ணீருக்கு நாலு பெரிய ஸ்பூன் சர்க்கரை கரைத்து ஊற்றி, தோல் மேலே மிதக்காமல் ஒரு சின்னக் கிண்ணத்தை அழுத்தி வைத்து, வாயைத் துணியால் கட்டிவிடுங்கள். மூடி போட்டால் காற்று போகாது, காற்று இல்லாமல் வினிகர் ஆகாது. தினமும் ஒருதடவை கிளறிவிட்டால் ரெண்டு மூணு நாளில் பொங்கும், கள் வாடை வரும், பயந்து கொட்டிவிடாதீர்கள். மூணு வாரத்தில் வடிகட்டி, இன்னும் ஒரு மாசம் அப்படியே துணி கட்டி வைத்தால் புளித்து மேலே ஒரு ஏடு படியும், அது நல்லது. பச்சையோ கறுப்போ பஞ்சு மாதிரி பூத்திருந்தால் மொத்தமும் கொட்ட வேண்டியதுதான். சாலடுக்கும், வெங்காயம் ஊறவைக்கவும் நன்றாக இருக்கிறது. வருசக்கணக்கில் வைக்கிற ஊறுகாய்க்கு மட்டும் இதை நம்பாதீர்கள், புளிப்பு எவ்வளவு என்று நமக்கு அளந்து தெரியாது, அதற்குக் கடை வினிகரே சரி.

பெட்டிக்கும் மண்டிக்கும் சேர்த்து அஞ்சுக்கு நாலு கொடுப்பேன். குறைத்த ஒன்று லோடு தேதிக்காக, அதை மட்டும் பெட்டி மேல் எழுதி ஒட்டினால் கண்ணை மூடிக்கொண்டு அஞ்சு. பூஜைப் பைக்காக வாங்குவதென்றால் ஒரு வாரம் முன்னாடியே போய்விடுங்கள், கடைசி ரெண்டு நாள் கூட்டமும் விலையும் தாங்காது. சமைக்க மட்டும் என்றால் ஆயுத பூஜை முடிந்த மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ, காலையில் ஏழு மணிக்குள் போங்கள், விற்காமல் நின்ற பெட்டிகளைத் தள்ளிவிடத்தான் பார்ப்பார்கள், பேசினால் குறையும். 125 எண் பெட்டியாகக் கேளுங்கள், காம்பைப் பாருங்கள், வரும்போதே எலுமிச்சை ஒரு கிலோ வாங்கிக்கொள்ளுங்கள்.